எப்போதாவது அறுக்க ஒரு ரம்பம்

நாட்றம்பள்ளி
4.6.2001

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

ஸ்தோத்திரம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை நத்தானியேலும் கர்த்தர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அண்ணியும் சுகம். என் காதுதான் எப்போதும் போல லீவில் இருக்கிறது. ஆம்பூர் டேனரியில் முப்பத்தோரு வருஷம் தோல் உருட்டுகிற டிரம்மின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குப் போன் பண்ணி என்ன பிரயோஜனம்? ஆகவே கடிதமே போடு.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். நம் தோப்பில் போன வாரக் காற்றில் இரண்டு கிளை முறிந்து விழுந்துவிட்டது. கூலி ஆளைக் கூப்பிட்டால் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று பேஜார் பண்ணுகிறான். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மரம் அறுக்கும் செயின் ரம்பம் இருக்கும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். மூன்று ஏக்கர் தோப்புக்கு, எப்போதாவது எடுத்து அறுக்க, எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி ஒன்று எது நல்லது? மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. மெட்ராஸில் விசாரித்தேன். இரண்டு பேர் தூக்குகிற மாதிரி பெரியதுதான் காட்டுகிறார்கள்.

அண்ணி உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு உன் அண்ணன்,
கிருபானந்தம்


2.7.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் ஆண்டவர் நல்ல பெலன் தருவாராக.

அறுபது வயசுக்கு மேல் ரம்பம் கேட்கிற அண்ணனை இப்போதுதான் பார்க்கிறேன்! உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. இரண்டு நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கரண்ட்டில் ஓடுவது லேசானது, பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் இங்கத்து கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட், அங்கே சொருகினால் புகைதான் வரும். பெட்ரோலில் ஓடுவதில் பதினாலு அங்குலத் தகடு கிளைக்குப் போதும், பதினாறு அங்குலம் ஓரளவு மரத்துக்கும் ஆகும். இருபது அங்குலம் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, உங்கள் தோள்பட்டை கழன்றுவிடும். வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டுமாம். எத்தனை மரம்? எவ்வளவு பருமன்? வருஷத்தில் எத்தனை நாள்?

அண்ணி எப்போதும் உங்கள் கடிதத்தின் அடியில் நாலு வரி எழுதுவார்களே, இந்தத் தடவை ஏன் இல்லை? என் மேல் கோபமா என்று கேளுங்கள்.

அன்புத் தங்கை,
கெசியா


நாட்றம்பள்ளி
30.7.2001

அன்பு கெசியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கர்த்தருக்கு நன்றி. இங்கே வெயில் ஜாஸ்தி, மழை கம்மி, மற்றபடி குறைவில்லை.

மாப்பிள்ளைக்குப் பதில். எல்லாம் நானும் அண்ணியும் எண்பத்தாறில் வைத்த ஒட்டு மா. அடிமரம் ஒரு அடிக்கு மேல் போகாது. எத்தனை என்றால், ஒரு பத்துப் பதினைந்து என்று வைத்துக்கொள். வருஷத்தில் எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் அண்ணி தூங்குகிற நேரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அறுப்பேன். லேசாக இருக்க வேண்டும், உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும், உடனே நிறுத்த முடிய வேண்டும். அது முக்கியம் என்று சொல்.

அண்ணிக்கு ஒரு கோபமும் இல்லை. இதோ அவளே எழுதுகிறாள்.

அன்புள்ள கெசியா, நலமா? அங்கே குளிர் எப்படி? ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே குளிர் எப்படி? பிள்ளைகள் எல்லோரும் வந்தாயிற்றா? குளிர் எப்படி? ஜெயபுஷ்பம்.

தபால்காரர் நிற்கிறார். முடிக்கிறேன்.

அண்ணன்


27.8.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவன் உங்கள் இருவரையும் காத்துக்கொள்வாராக. நாங்கள் சுகம். நத்தானியேலின் மில்லை மூடிவிட்டார்கள். இப்போது என் ஒருத்தியின் வேலைதான், அதனால் முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன்.

அண்ணா, பதினைந்து மரம் என்பது எப்போதாவது அறுப்பதா? காய்க்கிற மரத்தையா வெட்டுகிறீர்கள்? உங்களுக்கு என்ன வந்தது? அண்ணி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அவர்களுக்குச் சம்மதமா? தோப்பை விற்கப் போகிறீர்கள் என்றால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள்.

இருந்தாலும் கேட்டதை வாங்கிவிட்டோம். பெட்ரோலில் ஓடுகிற பதினாறு அங்குலம். கையை எடுத்தால் நின்றுவிடும், எகிறி முகத்துக்கு வந்தால் தானே பிரேக் பிடிக்கும். பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலக்க வேண்டும். செயினுக்குத் தனி எண்ணெய், ஒரு கேன் வைத்திருக்கிறோம். கண்ணாடி, கையுறை, சத்தத்துக்குக் காது மூடி எல்லாம் உண்டு. என்னோடு வேலை செய்கிற ஃபீபி டிசம்பரில் வேலூருக்கு அவள் அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணியின் நாலு வரியைப் படித்துச் சிரித்தேன். குளிரை மூன்று தடவை விசாரித்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆகியும் பள்ளிக்கூட ஞாபகம் போகவில்லை போலிருக்கிறது. கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள்.

கெசியா


நாட்றம்பள்ளி
22.10.2001

அன்பு கெசியாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். சுகம்தான். மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்க ஜெபிக்கிறேன்.

தோப்பை விற்கவில்லை. உன் அண்ணி உயிரோடு இருக்கும் வரை விற்கவும் மாட்டேன்.

ஃபீபி இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டாம். நாளும் ரயிலும் எழுதினால் ஆம்பூர் ஸ்டேஷனிலேயே வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை நடக்கிறது, உட்கார வைக்க இடமில்லை. அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

பதினாறு அங்குலம் ஐம்பது அறுபது மரத்துக்குத் தாங்குமா?

அண்ணன்


6.1.2002

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்தோடு தொடங்க வேண்டிய கடிதம். என்னால் முடியவில்லை.

ஃபீபி நல்ல பிள்ளை. ஆம்பூரில் கொடுத்துவிட்டுப் போக மனம் வராமல், அண்ணியையும் பார்த்துவிடலாம் என்று பஸ் பிடித்து நேராக வீட்டுக்கே வந்திருக்கிறாள். நேற்று வேலூரிலிருந்து போன் செய்தாள். வெள்ளையடிக்கவில்லையாம். "அக்கா, உங்க அண்ணி எம் பேரை நாலு தரம் கேட்டாங்க. அப்புறம் உள்ள போய் ஒரு தட்டுல அரிசி கொண்டாந்து, காபி குடிம்மான்னாங்க. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கினு நிக்கறாரு" என்றாள்.

அண்ணா, நான் இங்கே இந்த மறதி வியாதிக்காரர்கள் பத்தொன்பது பேருக்குத் தலை வாரி விடுகிறேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதற்கு என்ன பெயர் என்று சார்ட்டில் எழுதுகிறவள் நான். என் அண்ணி தன் கையால் எழுதி அனுப்பியபோது கண்ணாடி மாற்றச் சொன்னேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாளாக? ஏன் எழுதவில்லை? அந்த மரங்களை எதற்காக வெட்டுகிறீர்கள்?

கெசியா


நாட்றம்பள்ளி
28.1.2002

அன்பு கெசியாவுக்கு,

உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. தப்பு என்னுடையது. இதுவரை எழுதிய 'சுகம்' எல்லாம் பொய். இனி உள்ளதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷமாயிற்று. முதலில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பிறகு சபையில் பாட்டு முடிந்தும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கா கேட்கும்? பக்கத்தில் உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பதை வைத்துத் தெரிந்துகொண்டேன். வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனுஷர். எனக்குக் கேட்காது என்பதால் வியாதியின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். மருந்து இல்லை என்பதையும் எழுதியே காட்டினார்.

உனக்குத் தெரியும், அவள் சிலேட்டில் எழுதுவாள், நான் வாயால் பதில் சொல்வேன். பத்து வருஷம் எங்கள் பேச்சு அப்படித்தான். இப்போது சிலேட்டைக் கொடுத்தால் பழைய பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி, ஆஜர் போடுகிறாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தோப்புக்குள் போய்விடுகிறாள். மா தாழ்ந்து கவிந்த மரம், பத்தடிக்கு மேல் கண் போகாது. காதுள்ளவனாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், பதில் வருகிற திசைக்குப் போவான். நான் கூப்பிட்டு என்ன செய்ய? ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை தேடினேன். பக்கத்து நிலத்துப் பஞ்சாட்சரத்தின் மனைவி புல்லறுக்க வந்தவள்தான் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். நான் அதுவரை நாலு தடவை தாண்டிப் போன மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க சார்" என்று அந்தப் பெண் அழுதது, உதட்டில் படித்தேன். தோப்புக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி ரோடு, லாரி நிற்காமல் ஓடுகிறது. கிணற்றை மூடிவிட்டேன். ரோட்டை மூட முடியுமா?

கதவைப் பூட்டலாமே என்பாய். பூட்டினேன். பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வந்து திறந்தால் இரண்டு கையும் வீங்கி, தோல் உரிந்திருக்கிறது. அவ்வளவு நேரமும் கதவைத் தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அன்றோடு பூட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மஹ்பூபி என்று ஒரு அம்மாவைத் துணைக்கு வைத்தேன், புடவை திருடிவிட்டாள் என்று சொல்லி அண்ணி அந்த அம்மாவின் கையைக் கடித்துவிட்டாள். போய்விட்டது அந்தப் புண்ணியவதி.

மரம் வெட்டக் கூலி ஆட்களும் வந்தார்கள். அரிவாளோடு நாலு ஆம்பளையைப் பார்த்ததும் அண்ணி வாயைத் திறந்தது திறந்தபடி ஓடினாள். அவர்களில் ஒருவன் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். "டீச்சருக்கு இன்னா சார் ஆச்சு?" என்று அவன் உதடு கேட்டதைப் படித்துவிட்டேன். எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். தெருவே வந்து அவளை வேடிக்கை பார்க்க விட மாட்டேன்.

எனக்குக் காது இல்லை, கண்தான் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் அவள் எங்கே இருந்தாலும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கெசியா, மரம். மொத்தம் அறுபத்து மூன்று. என்னையும் அவளையும் நினைத்து ஜெபித்துக்கொள்.

அண்ணன்


20.2.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஆண்டவர் உங்கள் கூட இருப்பாராக என்று எழுதினால், நான் ஏன் கூட இல்லை என்று எனக்கே தோன்றுகிறது.

ஜூலைக்கு முன்னால் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். வேலையை விட்டால் இங்கே சாப்பாட்டுக்கே வழியில்லை. கம்பி வேலி போடலாமா என்று எழுத நினைத்தேன். அண்ணி கம்பிக்குள் கையை விட்டு நிற்பதை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். அங்கே பக்கத்தில் ஏதாவது இல்லம் இருக்கிறதா என்று கேட்கவும் வாய் வரவில்லை. பத்தொன்பது பேருக்கு யோசனை சொல்லத் தெரிகிறது, உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அறுங்கள் அண்ணா.

ஆனால் தனியாக அறுக்காதீர்கள். மரம் சாய்வதற்கு முன்னால் முறிகிற சத்தம் வரும், அதைக் கேட்டுத்தான் விலகுவார்கள் என்கிறார் நத்தானியேல். உங்களுக்கு அது கேட்காது. யாரையாவது எதிரில் நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லுங்கள். சாய்கிற பக்கம் முதலில் ஆப்பு மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, பிறகு பின்பக்கம் அறுக்க வேண்டும். அவர் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்.

உங்கள் கெசியா


நாட்றம்பள்ளி
25.3.2002

அன்பு கெசியாவுக்கு,

கர்த்தர் இதுவரை காப்பாற்றினார். இருபத்தாறு மரம் முடிந்தது. கை கால் எல்லாம் இருக்கிறது.

சர்தார் பாஷா உனக்கு ஞாபகம் இருக்குமே, டிரம் யார்டில் என்னோடு இருந்த தோஸ்த். ஆம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து எதிரில் நிற்கிறார். டிரம் ஓடும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது என்பதால் நாங்கள் எல்லாவற்றுக்கும் கை ஜாடை வைத்திருந்தோம். நிறுத்து, விலகு, இன்னும் கொஞ்சம் என்று அதே ஜாடையில் வேலை நடக்கிறது.

ஒரு முட்டாள்தனமும் செய்தோம். செயின் எண்ணெய் தீர்ந்ததும் பாஷா, நம்மிடம் இல்லாத எண்ணெயா என்று டேனரியிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்தார். தோலை மிருதுவாக்க டிரம்மில் ஊற்றுகிற எண்ணெய். ஊற்றினோம். பத்து நிமிஷத்தில் செயின் கோந்தில் விழுந்த மாதிரி பிடித்துக்கொண்டது. கழற்றிச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சிரிப்பார்.

இன்னொன்று நடந்தது. சிரிக்க முடியாதது. முதல் நாள் அண்ணி தூங்கிய பிறகுதான் மெஷினை எடுத்தேன். இரண்டு மரம் சாய்த்துவிட்டு உள்ளே போனால் ஆள் இல்லை. தேடி ஓடினோம். கிருஷ்ணகிரி ரோட்டு ஓரத்தில் ஒரு லாரி டிரைவர் அவளை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கினாள். டிரைவர் ஏதோ கத்தினார். பாஷா எனக்கு ஜாடை காட்டினார். சத்தம்.

கெசியா, அந்த மெஷின் சத்தம் போடும் என்பது எனக்கு நினைவிலேயே வரவில்லை! பாஷாவுக்கும் பாதிக் காதுதான், அவருக்கும் தோன்றவில்லை. டிரம் யார்டு ஆட்கள் இரண்டு பேர் ஊரையே கிழிக்கிற மெஷினை அவள் தலைமாட்டில் ஓட்டியிருக்கிறோம். அங்குலம் கேட்டேன், எடை கேட்டேன், எவ்வளவு சத்தம் என்று கேட்கவே இல்லை. அவளைத் தேடுவதற்காக வாங்கிய மெஷினே அவளைத் துரத்திவிட்டது.

நீ அனுப்பிய காது மூடியை எனக்கெதற்கு என்று பெட்டியிலேயே விட்டிருந்தேன். எடுத்து அவளுக்கு மாட்டினேன். பிடித்துக்கொண்டது. இப்போது அதை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மரம் விழும்போது கை தட்டுகிறாள்.

அண்ணன்


17.4.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை ஷிப்டுக்கு நடுவில் படித்தேன். கை தட்டுகிறாள் என்ற இடத்தில் அழுதுவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், ஜூலை பன்னிரண்டு மெட்ராஸ். மூன்று வாரம் இருப்பேன். மீதி மரம் போகட்டும், நிழலுக்காவது வாசலில் ஒன்றை விடுங்கள். இப்போது தோப்பு திறந்துவிட்டதா? அண்ணி போகிற இடம் தெரிகிறதா? கொஞ்சமாவது நிம்மதியாகச் சாப்பிடுகிறீர்களா? ஒரு வரியாவது எழுதுங்கள். சர்தார் பாஷா அண்ணனுக்கு என் சலாம்.

கெசியா


நாட்றம்பள்ளி
20.5.2002

அன்பு கெசியாவுக்கு,

வருகிறாய் என்றதில் சந்தோஷம். பயணத்தில் கர்த்தர் கூட இருப்பார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலை முடிந்து இரண்டு வாரமாகிறது. நீ சொல்வதற்கு முன்பே வாசல் மரமும் போய்விட்டது, அதுதான் அதிகமாக மறைத்தது. இப்போது படியில் நின்றால் ரோடு வரை வெட்ட வெளி. ஓடுகிற பஸ்ஸின் நம்பரைக்கூடப் படிக்கலாம். ஒரு கோழி குறுக்கே போனால் தெரிகிறது. முதல் நாள் நான் படியில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தட்டு சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அண்ணி எங்கும் போகவில்லை. வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. பயமாயிருக்கிறது போலும் என்று நினைத்தேன். நாலாம் நாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முன்பெல்லாம் உதட்டை நிதானமாக அசைத்துப் பேசுவாளே, அப்படியே பேசினாள். ஒரு சொல்கூடத் தவறாமல் படித்தேன்.

"ஐயா, பார்த்தா நல்லவரா தெரியறீங்க. என்னை எங்க வீட்ல கொண்டு போய் விட்டுடுங்க. இது வேற யார் வீடோ. எங்க வீட்டைச் சுத்தி மாமரமா இருக்கும், அதை வெச்சிதான் எனக்கு அடையாளம். எங்க வீட்டுக்காரர் தேடிக்கினு இருப்பாரு. அவருக்குக் காது கேக்காது. நான் கூப்ட்டா தெரியாது, நானாதான் போவணும்."

நான்தான் அது என்று சொன்னேன். தலையை ஆட்டிச் சிரித்தாள், மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. கல்யாண போட்டோவைக் காட்டினேன், "ஆமா, இவர்தான்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் பையோடு வந்து நிற்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு ரோடு வரை கூட்டிப் போகிறேன், திரும்ப இங்கேயே கூட்டி வருகிறேன். இது இல்லை என்று அழுகிறாள். அழுகிற சத்தம் எனக்குக் கேட்பதில்லை, தோள் குலுங்குவது தெரிகிறது.

உன் இல்லத்தில் இப்படிக் கேட்கிறவர்கள் இருப்பார்களே. வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஜூலை வரை காத்திருக்க முடியாது. அதை மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு,
அண்ணன் கிருபானந்தம்